கோட்டத்துத் தண்ணீர்

வைதேகிக்கு அருவருப்பு பிறவிக் குணம். சிங்கப்பூரின் தோ பாயோவில் அவள் வளர்ந்த அடுக்குமாடிப் புளோக்கில் இதைத் தெரியாதவர்கள் கிடையாது. மின்தூக்கிப் பொத்தானை முழங்கையால்தான் அழுத்துவாள். உணவங்காடியில் மேசையைத் தானே துடைத்த பிறகுதான் உட்காருவாள். துடைத்த தாளைப் பார்த்தாலும் குமட்டும் என்பதால் அதைப் பொட்டலமாக மடித்து ஓரத்தில் வைப்பாள். எச்சில் கரண்டியால் அம்மா பாப்பம்மாள் குழம்பைக் கிளறிவிட்டால் மகளுக்கு அன்றைக்கு ரொட்டியும் மைலோவும்தான். "இவள எவன் கட்டிக்கிட்டுப் போனாலும் அவனுக்குத் தண்ணி தெளிச்சு விட்டுட வேண்டியதுதான்" என்பாள் அம்மா. பெண் பார்க்க வந்த ஒருவர் பஜ்ஜி எண்ணெய்க் கையைச் சோபாவில் துடைத்தார். அதோடு அந்தப் பேச்சும் நின்றது.

இப்படிப்பட்டவள் போயும் போயும் ஆட்டுப் புழுக்கையில் ஆராய்ச்சி செய்யப் போனாள். இங்கிலாந்தில் தொல்லியல் படித்தபோது, கோடைக்கு மட்டும் மலையேறித் தங்கும் ஆட்டுக்காரர்களின் பழைய இருப்பிடங்களைத் தோண்டும் குழுவில் சேர்ந்துகொண்டாள். மேற்குத் தொடர்ச்சி மலையில், பேருந்து நிற்கும் கடைசி ஊரிலிருந்து பாதி நாள் ஏற வேண்டிய ஒரு மேட்டில் வேலை. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் இது நல்ல பொழுதுபோக்கானது. "உங்க பொண்ணு என்ன படிக்குது?" என்று யாராவது கேட்டால் பாப்பம்மாள் "ஹிஸ்டரி" என்று சொல்லி வாயை மூடிக்கொள்வாள். பக்கத்தில் இருப்பவர் "ஆட்டுப் பீ ஹிஸ்டரி" என்று முடித்துவைப்பார். பாப்பம்மாள் சிரிப்பதுபோல் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்திரத்தை டமார் டமார் என்று போட்டுக் கழுவுவாள்.

கோடைக்கு வந்து மழைக்கு இறங்கிவிடுகிறவர்கள் மலையில் என்னதான் விட்டுவிட்டுப் போவார்கள்? அரண்மனையா கட்டுவார்கள்? வட்டமாகச் சரிந்த ஒரு கல்வரிசை, அடுப்புக் கரி, உடைந்த சட்டி, பிறகு புழுக்கை, புழுக்கை, மேலும் புழுக்கை. குழியின் பக்கச் சுவரைச் சீவிப் பார்த்தால் வரிவரியாகத் தெரியும். கறுத்த வரி ஆடுகள் அடைந்து கிடந்த கோடை. வெளுத்த வரி மழை அடித்துக்கொண்டு வந்து போட்ட வண்டல். நடுநடுவே குட்டிகளின் உதிர்ந்த பால்பற்கள் கிடைக்கும். புழுக்கை மண்ணாகிப்போன பிறகும், மேய்கிற விலங்கின் குடலில் உருவாகும் சுண்ணாம்பு உருண்டைகள் நுண்ணோக்கியில் பளபளக்கும். வைதேகி இதையெல்லாம் நாள் முழுக்கக் கையால் அளைந்தாள். அவளுக்கு ஒரு முறைகூடக் குமட்டவில்லை. பழைய புழுக்கைக்கு நாற்றமில்லை, அது யாரையும் ஏமாற்றப் பார்ப்பதுமில்லை என்று அவள் சொல்வாள்.

அந்த இடத்துக்கு ஆட்டுக்காரர்கள் வைத்திருந்த பெயர் கோட்டம். ஆடு அடைக்கும் பட்டி என்று அர்த்தம், வேறொன்றும் இல்லை. பழைய கல்வரிசையின் மேலேயே முள்ளை வைத்து அடைத்து, செல்லக்கண்ணு என்ற நடுவயதுக்காரி கோடைதோறும் தன் ஆடுகளை அங்கே கொண்டுவந்து விடுவாள். தோண்டும் குழுவைப் பார்த்து, "கீழ இருக்கிற புழுக்கைய எடுத்துக்கங்க, மேல இருக்கிறது தோட்டக்காரருக்குப் பேசியாச்சு" என்று சொல்லிவிட்டாள். வைதேகியும் அவளும் பழகிப்போனார்கள். செல்லக்கண்ணு கிண்டிய களியை, அவள் உருட்டிக் கொடுத்த கையிலிருந்து, அதே சட்டியில் தொட்டுக்கொண்டு வைதேகி தின்றாள். தோ பாயோவில் சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அவளும் சொல்லவில்லை.

கோட்டத்தின் வாசலில் ஒரு கல்தொட்டி இருந்தது. ஒரு மூலை சில்லு பெயர்ந்தது. பழங்காலத்துத் தொட்டிதான், ஆனால் இன்றைக்கும் வேலை செய்கிறது. குளம்பு அழுகிப் புழு வைத்த ஆடுகளை வேப்பிலையும் உப்பும் கரைத்த தண்ணீரில் நிறுத்துவதற்கு அது. வைதேகி ஆட்டைப் பிடித்துக்கொள்வாள். செல்லக்கண்ணு குச்சியால் புழுக்களை நோண்டித் தொட்டிக்குள் தள்ளுவாள். சீழும் சாணியும் புழுவுமாகத் தண்ணீர் கொழகொழவென்று ஆகிவிடும். மலையேறிய பின் எதற்கும் அசராத வைதேகி அங்கே மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். செல்லக்கண்ணு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகு, மலைப்பட்டியைத் தோண்டத் தெரிந்தவளுக்கு யார் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்? சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் பிரேம் என்பவர் கண்காட்சி அமைத்துக் கொடுக்கும் நிறுவனம் நடத்தினார். அங்கே பலகைகளுக்கு வாசகம் எழுதச் சேர்ந்தாள். முறுக்கின் கதை, மல்லிகையின் கதை, நகையின் கதை என்று எழுதித் தள்ளினாள். எல்லாக் கதையிலும் நம் முன்னோர் உலகத்துக்கே முன்னால் நின்றார்கள். எழுதி முடித்ததும் போய்க் கை கழுவுவாள்.

மலைமகுடம் பண்பாட்டு மன்றம் அப்படித்தான் வந்து சேர்ந்தது. தலைவர் கோவிந்தராசு மளிகை இறக்குமதிக்காரர். நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும். அப்படித்தான் அவரும் சொல்வார். அறைக்குள் அவர் வருவதற்கு முன்பே அவர் போட்ட செண்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கம் புரட்ட விரலை நாக்கில் தடவுவார். வைதேகி தோண்டிய இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதையே கண்காட்சியாக வைக்கலாம் என்றார். வைதேகிக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஒருத்தர் அந்த மேட்டைக் கேட்டு வந்திருக்கிறாரே என்று, எச்சில் விரலைக்கூடப் பொறுத்துக்கொண்டு, இருந்த படங்களையெல்லாம் கொடுத்தாள்.

"கோட்டம்: கோடையில் ஆடு அடைத்த மலைப்பட்டி" என்று அவள் எழுதிய பலகை, "கோட்டம்: மலையுச்சியில் தமிழர் எழுப்பிய ஆலயம்" என்று மாறித் திரும்பி வந்தது. பட்டியின் படல் சொருகும் துளைக்கல் வாசல் தூணாகியிருந்தது. அடுப்புக் கரி யாகசாலைச் சாம்பலாகியிருந்தது. புழுக்கை என்ற சொல் இருந்த இடத்திலெல்லாம் "புனித மண்" என்று இருந்தது.

வைதேகி நேராகக் கோவிந்தராசுவின் அலுவலகத்துக்குப் போனாள். அவர் சிரித்துக்கொண்டே அகராதியை எடுத்து, விரலை நக்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இங்க பாருங்க டாக்டர்மா. கோட்டம்னா கோயில். நான் சொல்லல, அகராதி சொல்லுது."

"கீழயும் படிங்க சார். மாட்டுக் கொட்டில்னும் போட்டிருக்கு."

அதைப் படிக்கக் கோவிந்தராசுவுக்கு நேரமில்லை. அகராதியை மூடிவிட்டார். "புழுக்கைய வச்சுக்கிட்டு நாம எப்படிம்மா தலைநிமிர்ந்து நிக்கிறது? நம்ம பிள்ளைங்க ஸ்கூல்ல போய் என்ன சொல்லும், எங்க தாத்தன் ஆட்டுச் சாணியில படுத்தான்னா? விடுங்க லா. அந்த இடத்தைச் சுத்தி மதில் எழுப்பப் போறோம். அங்க ஆளுங்ககிட்ட எல்லாம் பேசியாச்சு. கேட் போட்டுப் பூட்டிட்டா, இந்த ஆட்டுக்காரங்க உள்ள வந்து அசிங்கம் பண்றது நிக்கும்."

அவர் "அசிங்கம்" என்றபோது மூக்கைச் சுருக்கினார். மதில் வந்தால் அந்த மேட்டில் செல்லக்கண்ணுவுக்கு இடமில்லை; வேறு பட்டியும் அந்தப் பக்கம் கிடையாது. கோடையில் கீழே புல்லும் இல்லை. ஆட்டை விற்றுவிட்டு எங்கேயாவது கூலிக்குப் போக வேண்டியதுதான்.

பிரேமிடம் சொன்னாள். "கிளையண்ட் சொல்றத பிரிண்ட் பண்றோம் வைதேகி, நாம என்ன கோர்ட்டா?" என்றார் அவர்.

அன்றைக்கே அவள் வேலையை உதறியிருக்கலாம். உதறாததற்குக் காரணம் பாப்பம்மாள். அழைப்பிதழில் மகளின் பெயரைப் பார்த்ததிலிருந்து அந்த அம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மின்தூக்கியில் ஏறுகிறவர்கள், கோயிலில் பார்க்கிறவர்கள், ஈரச்சந்தையில் மீன் வெட்டுகிறவர் என்று ஒருவரையும் விடவில்லை. "என் மக மலையில கோயில் கண்டுபிடிச்சிருக்கா" என்றாள். ஆட்டுப் பீ என்று சிரித்த வாய்கள் இப்போது "அப்படியா!" என்று பிளந்தன. மகளுக்கென்று ஒரு பட்டுப்புடவை வாங்கிவந்து, அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்த அம்மாவிடம், "அது கோயில் இல்லம்மா" என்று சொல்ல வைதேகி வாயெடுத்தாள். எடுத்த வாயை மூடிக்கொண்டாள். தன்னைப் பார்த்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

திறப்புவிழாவுக்கு முந்தின நாள் செல்லக்கண்ணுவிடமிருந்து குரல்செய்தி வந்தது. எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் அவளோடு எல்லாம் குரலில்தான்.

"தாயி, ஆளுக வந்து அளந்துட்டுப் போறாய்ங்க. சுவரு வருதாம்ல? அடுத்த கோடைக்கு நாங்க எங்கிட்டுப் போறது? வாசல்ல கெடந்த தொட்டியவும் போன மாசமே ராவோட ராவாத் தூக்கிட்டுப் போயிட்டாய்ங்க. நீ அங்க பெரிய மனுசங்க கூடத்தான இருக்க. ஒரு வார்த்த சொல்லு தாயி."

வைதேகி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பதில் அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மன்றத்தின் கூடத்தில் நாதசுவரம் ஒலிபெருக்கியில் அலறியது. செண்டும் சாம்பிராணியும் குளிரூட்டிக் காற்றும் கலந்து நெஞ்சை அடைத்தன. பிளாஸ்டிக் வாழைமரம், பிளாஸ்டிக் மாவிலை. வருகிறவர்கள் எல்லோரும் வைதேகியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒவ்வொரு கையும் ஒவ்வொரு விதமாக ஈரமாக இருந்தது. கூடத்தின் நடுவில் பட்டுத்துணி விரித்த மேடையில் ஒரு கல்தொட்டி. சந்தனம், குங்குமம், ரோஜா மாலை. உள்ளே தண்ணீர், மேலே துளசி. பித்தளைக் கரண்டியால் கோவிந்தராசு எல்லோருக்கும் தீர்த்தம் வார்த்துக்கொண்டிருந்தார். முதல் வாயை அவரே படக்காரர்கள் முன்னால் கண்ணை மூடிக் குடித்திருந்தார்.

படத்தைப் பார்த்துச் செய்த மாதிரி என்று நினைத்துத்தான் வைதேகி பக்கத்தில் போனாள். மூலையில் சில்லு பெயர்ந்திருந்தது.

அவள் சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். கல்லின் சொரசொரப்பில் கறுப்பாக, எத்தனை கழுவினாலும் போகாமல் அப்பிய அழுக்கு. கோவிந்தராசுவின் மளிகைப் பெட்டிகளுக்கு நடுவில் அதை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. சீழும் புழுவும் மிதந்த தொட்டி. அதைச் சுற்றி நின்று பட்டுவேட்டிகள் உறிஞ்சிக் குடிக்கின்றன. ஒரு தாய் தன் கைக்குழந்தையின் கண்களில் அந்தத் தண்ணீரை ஒற்றினாள். வைதேகிக்குக் குமட்டி, வாயில் நீர் ஊறியது. திரும்பிப் பார்த்தால், வரிசையில் அம்மா. இரண்டு கையையும் குவித்து வாங்கி, சர்ரென்று உறிஞ்சி, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "என் மக கண்டுபிடிச்ச தொட்டிதான் இது" என்றாள். பிறகு இன்னொரு கரண்டி கேட்டாள்.

வைதேகியைப் பேச அழைத்தார்கள்.

அவள் முதலில் ஒழுங்காகத்தான் பேசினாள். கறுத்த வரியும் வெளுத்த வரியும் என்ன என்று சொன்னாள். பால்பற்களைச் சொன்னாள், சுண்ணாம்பு உருண்டைகளைச் சொன்னாள். இது கோயில் இல்லை, ஆட்டுப்பட்டி, இன்றைக்கும் ஒருத்தி அங்கே ஆடு அடைத்துப் பிழைக்கிறாள், மதில் கட்டினால் அவள் பிழைப்பு போய்விடும் என்று தெளிவாகச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். கைதட்டினார்கள். கோவிந்தராசு ஒலிவாங்கியை வாங்கி, "பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்! ஆயர்களும் வந்து வழிபட்ட தலம்னு டாக்டர்மா எவ்வளவு அழகா சொல்லிட்டாங்க" என்றார். இன்னொரு கைதட்டல். உண்மையை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவது இப்படித்தான்.

வைதேகி ஒலிவாங்கியைத் திரும்பப் பிடுங்கினாள்.

"இந்தத் தொட்டி எதுக்குத் தெரியுமா? ஆட்டோட கால் அழுகிப் புழு வச்சிடும். அந்த ஆட்ட இதுக்குள்ள நிறுத்தி, குச்சியால புழுவ நோண்டிப் போடுவாங்க. வெள்ள வெள்ளையா நெளியும். சீழ் மேலாக்க ஏடு கட்டி நிக்கும். அதுக்குள்ளயே ஆடு சாணி போடும். நான் கூட நின்னு ஆட்டப் பிடிச்சிருக்கேன். இதே தொட்டி. இந்தக் கறுப்பு அதோட அழுக்குதான், சொரண்டிப் பாருங்க. அந்த இடமே அப்படித்தான். அசிங்கம். எங்க கால் வச்சாலும் அசிங்கம்."

சொல்லும்போதே அவள் மூக்கு சுருங்கியது. கோவிந்தராசு சுருக்கிய அதே சுருக்கம்.

கைக்குழந்தையின் தாய் புடவைத் தலைப்பால் பிள்ளையின் கண்களை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள். யாரோ "ஐயய்யே" என்றார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் கைக்குட்டையில் துப்பினார். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவருக்குக் குமட்டியது. அதைப் பார்த்து இன்னொருவருக்கு. பால்பல்லும் சுண்ணாம்பு உருண்டையும் செய்யாததை ஒரு புழு செய்தது. கோவிந்தராசு முகம் வெளிறி, வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைப் பக்கம் ஓடினார். பிரேம் பின்னாலேயே போனார். கொப்பளித்துத் துப்பும் சத்தத்துக்கு நடுவில் கோவிந்தராசு கத்தியது வெளியே வரை கேட்டது.

"மதிலும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம்! இந்தக் கருமத்த வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பு லா! என் பேர் இதுல எங்கயும் வரக்கூடாது!"

வைதேகி ஜெயித்துவிட்டாள். அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. வெளியே போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "சீ, ஆட்டுக்காரப் பசங்க" என்று ஒரு குரல் கேட்டது. "எப்படித்தான் இதுல வாழுதுங்களோ, ஜென்மங்க" என்று இன்னொன்று. இந்தப் பேச்சைத்தான் செல்லக்கண்ணு மலைக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். தேநீர்க் கடையில் தனி டம்ளர், பேருந்தில் தனி இடம். அதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து இங்கேயும் விதைத்தாகிவிட்டது.

பாப்பம்மாள் கூடவே வந்தாள். லிட்டில் இந்தியா நிலையத்துக்கு நடக்கும்போது கடையோர ஐந்தடிப் பாதையில் நின்று நின்று துப்பினாள். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்து ஒரு நாளும் தெருவில் துப்பாதவள். தலையில் தடவிக்கொண்ட இடத்தைத் தாளால் தேய்த்துத் தேய்த்து முடி கலைந்து நின்றது. நடைமேடையில் வைதேகி, "சுவர் வராதுக்கா, தொட்டியும் திரும்பி வரும்" என்று செல்லக்கண்ணுவுக்குக் குரல்செய்தி அனுப்பினாள். டோபி காட் நிலையத்தில் ரயில் மாறி உட்கார்ந்த பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"அந்த ஆட்டுக்காரி வீட்ல நீ சாப்பிட்டியா?"

"வீடெல்லாம் இல்லம்மா. சாப்பிட்டேன்."

"அவ கையாலயா?"

"ஆமா."

"புழு நோண்டின கை."

பாப்பம்மாள் புடவையை இழுத்துச் சேர்த்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தாள். பிறகு இன்னும் கொஞ்சம். நியூட்டன் நிலையத்தில் ஏறிய ஒருவர், நடுவில் இடம் இருக்கிறதே என்று வந்து உட்கார்ந்துகொண்டார்.

கைப்பேசி அதிர்ந்தது. காதில் வைத்தாள். பின்னால் ஆட்டு மணிச் சத்தம்.

"நல்லா இருப்ப தாயி! நீ சொன்னா கேப்பாய்ங்கன்னு எனக்குத் தெரியும். அம்புட்டுப் பெரிய மனுசங்ககிட்ட எங்களப் பத்தி என்னன்னு சொல்லி நிப்பாட்டுன?"

எழுதி அனுப்பினால் அவளால் படிக்க முடியாது. வைதேகி பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பேசியை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். நடுவில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அப்பால் அம்மா கண்ணாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

"உங்க இடம் அசிங்கம்னு சொன்னேன்க்கா" என்று சொல்லிவிட்டு வைதேகி விரலை எடுத்தாள். செய்தி போய்விட்டது.